ஸ்வென் கோ-ஆப்பா, சினர்ஜியா?

ஹாஃப்-லைஃப் என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி ஆட்டத்தை நண்பர்களோடு சேர்ந்து விளையாட ரசிகர்கள் உருவாக்கிய இரண்டு மோட்கள் (ஆட்டத்தை மாற்றியமைக்கும் நிரல்கள்) இவை. ஸ்வென் கோ-ஆப் 1998இல் வந்த முதல் ஆட்டத்துக்கானது. சினர்ஜி 2004இல் வந்த இரண்டாம் பாகத்துக்கானது.

ஸ்வென் 1999 ஜனவரியிலேயே வந்துவிட்டது. 2016இல் ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடையில் தனி ஆட்டமாக, இலவசமாகக் கிடைத்தது. இதன் உயிர் ரசிகர்கள் உருவாக்கிய மேப்களில்தான், அதாவது ஆட்டக் களங்களில்தான் இருக்கிறது. ஒன்றில் புதிர், அடுத்ததில் பேய்க்கதை, இன்னொன்றில் வெறும் கலாட்டா. செத்து விழுந்த தோழனை மெட்கிட் (மருத்துவப் பெட்டி) வைத்து எழுப்பலாம். அதற்காகத் தோட்டா மழைக்குள் ஓடும் அந்த நொடி எனக்கு ரொம்பப் பிடிக்கும். நிறையப் பேர் சேர்ந்தாலும் தாங்கும்.

சினர்ஜி வேறு ரகம். கதையை இரண்டு மூன்று பேராக, பேசிக்கொண்டே கடக்க ஏற்றது. மோட் இலவசம்தான், ஆனால் ஹாஃப்-லைஃப் 2 கையில் இருக்க வேண்டும். ஒருவருக்காகவே செதுக்கிய கதை என்பதால், சில இடங்களில் மற்றவர்கள் சும்மா நிற்க நேரிடும்.

ஒரே ஒரு நண்பர், கதைதான் முக்கியம் என்றால் சினர்ஜி. மற்றபடி என் ஓட்டு ஸ்வெனுக்கே.