கல்லூரிப் பையனை எங்கே தொடங்க வைப்பது? மார்லீஸ் ஆட்டம் பார்த்த அனுபவம்

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மகனுடன் ரொறன்ரோ மார்லீஸ் ஐஸ் ஹொக்கி ஆட்டத்துக்குப் போனேன். என்.எச்.எல். (தேசிய ஹொக்கி லீக்) கழகமான ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸுக்கு ஆட்களைத் தயார்ப்படுத்தும் இரண்டாம் நிலை அணி இது. கல்லூரியில் ஆடிவிட்டு வரும் பையனை முதலில் இங்கே ஆட விடுவதா, நேரே லீஃப்ஸுக்கு அனுப்புவதா என்பதுதான் கேள்வி. ஸ்காபரோவிலிருந்து கோ ரயிலில் யூனியன் வழியாக எக்சிபிஷன் நிலையம். இறங்கினால் கொக்கா கோலா கொலிசியம் நடை தூரம்தான். காரை வீட்டில் விட்டுவிடுங்கள். முன்பு ஒருமுறை அந்தப் பக்கத்துத் தனியார் தரிப்பிடம் ஒன்றிலிருந்து வெளியே வரவே முக்கால் மணி நேரம் பிடித்தது.

அரங்கு எட்டாயிரம் பேர் மட்டில் கொள்ளும். வலைக்குப் பின்னால் கீழ் வரிசையில் இருந்தால் சறுக்குக் கத்தி பனியைக் கீறும் சத்தமும், கோலி (வலை காப்பவர்) தன் ஆட்களுக்குக் கத்திச் சொல்வதும் காதில் விழும். என் மகனும் கோலி. அவனுக்கு இதைவிட நல்ல வகுப்பு கிடையாது.

நான் பார்க்கப் போனது கல்லூரிப் பருவம் முடிந்து புதிதாக வந்திருந்த ஒரு டிஃபென்ஸ் (பின்வரிசை) பையனை. முதல் பகுதியில் வலைக்குப் பின்னால் பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) எடுக்கப் போனவன், எடுத்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான். அதற்குள் எதிரணிக்காரர் மேலே வந்து விழுந்துவிட்டார். இரண்டு முறை பலகையோரமாகக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். இரண்டும் எதிரணிக்கே போயின. மூன்றாம் பகுதியில் பக்கைத் தொடும் முன்னரே தோளுக்கு மேலால் பார்த்துவிட்டு, ஒரே தட்டில் கூட்டாளிக்குக் கொடுத்தான்.

“அப்பா, இப்ப பார்த்திட்டுத்தான் போறான்” என்றான் மகன்.

நான் சொல்ல வந்ததும் இதுதான். கல்லூரியில் பெரும்பாலும் வெள்ளி, சனியில்தான் ஆட்டம்; பருவத்துக்கு நாற்பது மட்டில் முடிந்துவிடும். மார்லீஸ் ஆடும் அமெரிக்கன் ஹொக்கி லீக்கில் 72 ஆட்டங்கள்; சில வார இறுதிகளில் மூன்று நாளில் மூன்று. அமெச்சூர் ட்ரையவுட்டில் (தற்காலிகச் சோதனைச் சேர்க்கையில்) வந்து இங்கே ஆடினால், என்.எச்.எல். கழகத்தோடு போடும் மலிவான முதல் ஒப்பந்தமான ஆரம்ப ஒப்பந்தம் அடுத்த பருவத்தில்தான் தொடங்கும். பிழை விடவும் திருத்தவும் இடமுண்டு.

கல்லூரியிலிருந்து நேரே லீஃப்ஸுக்குப் போன முன்வரிசை ஆட்டக்காரர் மத்தேயு நைஸ் இங்கே வரவில்லையே என்று கேட்பீர்கள். 2023 ஏப்ரல் 8 அன்று அவர் ஆடிய மினசோட்டா பல்கலைக்கழகம் கல்லூரி இறுதியாட்டத்தில் குவினிபியாக் பல்கலைக்கழகத்திடம் கூடுதல் நேரத்தில் தோற்றது. 10ஆம் திகதி அவர் லீஃப்ஸ் சட்டையில் நின்றார். உடம்பும் வேகமும் தயாராக இருந்த பையன், நன்றாகவே ஆடினார். ஆனால் அந்தப் பருவத்தில் மிஞ்சியிருந்த மூன்று ஆட்டங்களுக்கும் பிளேஓஃப் ஆட்டங்களுக்குமாக ஆரம்ப ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டு கழிந்தது. அதனால் ஓர் ஆண்டு முந்தியே, 2025இல், ஆறு ஆண்டுக்கு, ஆண்டுக்கு 77.5 லட்சம் டொலர் என்று புது ஒப்பந்தம் போட வேண்டி வந்தது. பையனுக்கு அது நியாயமான பலன்; கழகத்துக்கு மலிவான ஓர் ஆண்டு போனது போனதுதான்.

கோலி ஜோசப் வோல் மற்ற வழி. பொஸ்ரன் கொலிஜிலிருந்து 2019 வசந்தத்தில் மார்லீஸுக்கு வந்தார். லீஃப்ஸில் முதல் ஆட்டம் 2021 நவம்பரில். கோலிக்கும் டிஃபென்ஸ்காரருக்கும் நான் இந்த வழியைத்தான் சொல்வேன். முன்வரிசை ஆட்டக்காரர் நைஸ் மாதிரி முழுதாகத் தயாராக இருந்தால் மட்டும் நேரே மேலே அனுப்பலாம்.

ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். போகிறவர்கள் முதலாம், மூன்றாம் பகுதிகளில் மார்லீஸ் காக்கும் வலைப் பக்கமாக ரிக்கெற் எடுங்கள். புதுப் பையன் தொடங்கியதையும் திருந்தியதையும் ஒரே இருக்கையிலிருந்து கிட்டத்தில் பார்க்கலாம்.