நானோசெல்லுலோஸ் மேல் பாலிமர்: விதைப்பா, நடவா?

பஞ்சையோ மரக்கூழையோ 64 சதவீதக் கந்தக அமிலத்தில் 45 டிகிரி சூட்டில் கொஞ்ச நேரம் கிளறி, கழுவி எடுத்தால் செல்லுலோஸ் நானோபடிகம் (குச்சி வடிவிலான மிக நுண்ணிய படிகம்) கிடைக்கும். தண்ணீரில் அழகாகப் பரவி நிற்கும் இந்தக் குச்சிகளை உருகிய பிஎல்ஏ-வில் (பாலிலாக்டிக் அமிலம் என்ற மட்கும் பிளாஸ்டிக்) போட்டால் கட்டிதட்டிவிடும். மேற்பரப்பு முழுக்க ஹைட்ராக்சில் (OH) குழுக்கள், அது பிஎல்ஏ-வை விடத் தன் இனத்தோடு ஒட்டத்தான் பார்க்கும். அதனால் மட்கும் பாலிமர் ஒன்றை மேலே கட்டி அனுப்புகிறார்கள்.

ஒரு வழி நேரடி விதைப்பு மாதிரி. கேப்ரோலேக்டோன் என்ற மோனோமரின் (பாலிமர் சங்கிலியின் ஒரு கண்ணி) வளையத்தைத் திறந்து, படிகத்தின் ஹைட்ராக்சிலிலிருந்தே சங்கிலியை வளர்ப்பது; வினையூக்கி பெரும்பாலும் டின் ஆக்டோயேட் என்ற வெள்ளீயச் சேர்மம். மோனோமர் சின்னது, சந்து பொந்தெல்லாம் நுழையும், பயிர் நெருக்கமாக வரும். வில்லன் ஈரம்தான். துளி தண்ணீர் இருந்தாலும் அதுவே தனியாக ஒரு சங்கிலியைத் தொடங்கிவிடும், படிகத்தில் ஒட்டாத பாலிமர் கூடவே சேர்ந்துவிடும். சாக்ஸ்லெட்டில் (கரைப்பானைத் திரும்பத் திரும்பச் சுழற்றிக் கழுவும் கருவி) டைகுளோரோமீத்தேன் வைத்து மணிக்கணக்கில் கழுவாமல் எடை பார்த்தால், ஒட்டியதாக நீங்கள் எழுதும் சதவீதத்தில் பாதி பொய்யாகவும் இருக்கலாம். சரி, ஈரமே வேண்டாம் என்று உறையவைத்து உலர்த்தினால் படிகங்கள் கட்டியாகி, கட்டியின் வெளிப்பக்கம் மட்டும்தான் வினைபுரியும். தண்ணீரிலிருந்து அசிட்டோன், அதிலிருந்து டொலுயீன் என்று படிப்படியாக மாற்றுவது அலுப்பான வேலை, ஆனாலும் அதுதான் உருப்படி.

இன்னொன்று நாற்று நடவு. தயாராக இருக்கும் பிசிஎல் (பாலிகேப்ரோலேக்டோன்) சங்கிலியின் முனையில் ஹைட்ராக்சிலோடு வினைபுரியும் ஐசோசயனேட்டை மாட்டி, படிகத்தோடு இணைப்பது. சங்கிலியின் நீளத்தை முன்கூட்டியே அளந்துவிடலாம், இது பெரிய வசதி. ஆனால் முதலில் ஒட்டிய சங்கிலிகள் சுருண்டு இடத்தை அடைத்துக்கொள்ளும், பின்னால் வருபவை உள்ளே போக முடியாது; சங்கிலி நீளமானால் இன்னும் மோசம். இதற்குப் பயன்படும் டொலுயீன் டைஐசோசயனேட் நச்சு வேறு. அதுவும் தண்ணீரைக் கண்டால் யூரியாவாகிப் போகும், ஆக ஈரத் தொல்லை இங்கேயும் தீரவில்லை.

பிஎல்ஏ, பிசிஎல் படலத்தில் கலக்கத்தான் என்றால் நான் விதைப்பு பக்கம். சங்கிலி நீளத்தை மாற்றி மாற்றி ஆராய்கிறவர்களுக்கு நடவு. உணவுப் பொட்டலம் என்றால் மிச்சமாகும் டின் உறுத்தும். டார்டாரிக் அமிலத்தை வினையூக்கியாக வைத்துப் பஞ்சு இழையிலேயே பிசிஎல் வளர்த்திருக்கிறார்கள், அதைப் பார்க்கலாம்.

அப்புறம் ஒன்று. எந்த வழியானாலும் குச்சிகளுக்கிடையே இருந்த ஹைட்ரஜன் பிணைப்பு வலை தளர்ந்துவிடும். படலம் நன்றாக இழுபடும், விறைப்பு மட்டும் எதிர்பார்த்த அளவு ஏறாது. தண்ணீரில் கரையும் பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) படலத்துக்கு விறைப்பு மட்டும் போதும் என்றால், படிகத்தை அப்படியே கலந்து ஊற்றிவிடுங்கள்.