சாணியா, தக்கைப்பூண்டா, கரியா: மண்ணில் எது தங்கும்?

மண்வள அட்டையில் எங்கள் மானாவாரிக் காட்டுக்கு அங்ககக் கரிமம், அதாவது மக்கிய பொருளாக மண்ணில் தங்கியிருக்கும் கார்பன், 0.4 சதவீதம் என்று போட்டிருந்தது. 0.5-க்குக் கீழே என்றால் 'குறைவு', 0.75-க்கு மேலே என்றால் 'அதிகம்'. சரி, இதை 0.1 ஏற்றினால் என்ன ஆகும்? ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண் மட்டுமே சுமார் 800 டன் எடை இருக்கும். அதில் 0.1 சதவீதம் என்பது 800 கிலோ கரிமம். கரியமிலவாயுக் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 3 டன், காற்றிலிருந்து இறங்கி மண்ணுக்குள் உட்கார்ந்த மாதிரி. பருவநிலை மாற்றத்துக்கு மண்ணே மருந்து என்று 2015-இல் பாரிஸ் மாநாட்டில் 'ஆயிரத்துக்கு நான்கு' திட்டத்தை அறிவித்தபோது பேசியதும் இந்தக் கணக்கைத்தான்: மண்ணில் ஏற்கெனவே உள்ள கரிமம் ஆயிரம் பங்கு என்றால், ஆண்டுக்கு அதில் நான்கு பங்கு, அதாவது 0.4 சதவீதம், கூட்டுவது.

எதைப் போட்டுக் கூட்டுவது என்பதில்தான் சண்டை.

முதலில் தொழு உரம். இதற்குச் சாட்சி பலமானது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1843 முதல் நடக்கும் பிராட்பாக் கோதுமை வயலில், தொழு உரம் போட்டுவந்த பாத்தியின் கரிமம், எதுவும் போடாத பாத்தியைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் போட்ட அளவைப் பாருங்கள்: ஹெக்டேருக்கு 35 டன், அதாவது ஏக்கருக்கு 14 டன், வருடா வருடம். நம் ஊரில் ஏக்கருக்கு 5 டன் போடச் சொல்வார்கள். அதற்கே வண்டி தேடி அலைய வேண்டும். போதாததற்கு அது குளிர் தேசம். நம் சித்திரை வெயிலில் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் சாணியைத் தின்று தீர்க்கும் வேகமே வேறு.

இன்னொரு சிக்கலும் உண்டு. என் காட்டில் கொட்டிய சாணி, யாரோ ஒருவர் காட்டில் மேய்ந்த மாட்டினுடையது. ஆட்டுக்கிடை போட்டாலும் இதே கதைதான். என் மண்ணில் கரிமம் ஏறுகிறது, உண்மை. அந்தச் சாணி எப்படியும் ஏதோ ஒரு மண்ணுக்குப் போயிருக்கும் என்றால், காற்றுக்கு அதனால் என்ன லாபம்? கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதுதான். பயிருக்குச் சாணியைப் போல ஒன்று கிடையாது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. கரிமக் கணக்கில் அதற்கு முழு மதிப்பெண் கொடுக்க மாட்டேன்.

பசுந்தாள் உரமாக மடக்கி உழும் தக்கைப்பூண்டு இந்தக் குற்றத்திலிருந்து தப்பிவிடும். நம் வயலிலேயே முளைக்கிறது, காற்றிலிருந்து தழைச்சத்தையும் (நைட்ரஜன்) சேர்த்து இழுக்கிறது. தழைச்சத்து இங்கே சின்ன விஷயமில்லை: மண்ணில் மக்காக நிலைக்கும் ஒவ்வொரு டன் கரிமத்துக்கும் சுமார் 80 கிலோ தழைச்சத்து கூடவே பூட்டப்பட வேண்டும். 45 நாளில் பூவெடுக்கும் சமயம் மடக்கி உழுதால் ஏக்கருக்குப் பத்து டன் பச்சை விழுந்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர். மிச்சமும் இளந்தண்டு, ஒரே பருவத்தில் கரைந்துவிடும். அதையும் நீர் கட்டிய நெல்வயலில் மடக்கினால் காற்றில்லாத சேற்றில் மீத்தேனாகக் கிளம்பும். நூறு வருடக் கணக்கில், பூமியைச் சூடாக்குவதில் மீத்தேன் ஒரு கிலோ, கரியமிலவாயு 27 கிலோவுக்கு மேல் சமம். வைத்தது கொஞ்சம், விட்டது அதிகம் என்று ஆகிவிடலாம். புழுதிக் காட்டில் இந்தத் தொல்லை இல்லை.

உழவே வேண்டாம் என்ற கட்சியை இங்கேயே முடித்துவிடுகிறேன். ஈரம் காக்கும், டீசல் மிச்சம். கரிமம் மேலாக ஒரு சாண் மண்ணில் கூடுகிறது. இன்னும் ஆழமாகத் தோண்டி அளந்தால் பல இடங்களில் அந்த வித்தியாசம் சுருங்கிப்போகிறது.

அப்புறம் கரி. இதை இப்போது பயோசார் என்கிறார்கள். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் பிறந்தவனுக்குக் கரிமூட்டம் புதிதா? சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி, ராப்பகலாகப் புகையவிடுவதைப் பார்த்தே வளர்ந்தோம். நாலைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி. மரத்தில் இருந்த கரிமத்தில் பாதியோ அதற்குக் கொஞ்சம் குறைவோதான் கையில் நிற்கும், மீதி புகை. ஆனால் நின்றது நிற்கும். அமேசான் காட்டில் பழங்குடிகள் கரியும் உடைந்த பானை ஓடுகளும் கலந்து உருவாக்கிய கறுப்பு மண் பல நூறு ஆண்டு கழித்தும் கறுப்பாகவே இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம்: போன ஐப்பசியில் நான் போட்ட கரித்துண்டு இந்த ஆவணி உழவில் முனை மழுங்காமல் மண்வெட்டியில் வந்து மாட்டியது. பக்கத்துப் பாத்தியில் அதே நாள் போட்ட சாணியைக் காட்டு என்றால் எதைக் காட்டுவேன்?

இதனால்தான் பெரிய நிறுவனங்கள் இதற்குக் காசு வைக்கின்றன. 2025 ஜனவரியில் கூகுள், இந்தியாவின் வராஹா நிறுவனத்திடம் பயோசார் வழியாக ஒரு லட்சம் டன் கரியமிலவாயுவைக் காற்றிலிருந்து நீக்கியதற்கான கரிம வரவுகளை (கார்பன் கிரெடிட்) வாங்க ஒப்பந்தம் போட்டது.

குறை இல்லாமல் இல்லை. மூட்டத்தில் வரும் புகையிலும் மீத்தேன் இருக்கிறது. குழியில் தீ மேலாக எரியும்படி போட்டு, தணிந்ததும் தண்ணீர் ஊற்றி அணைப்பது மேல். வெறும் கரியைக் கொட்டினால் முதல் பருவத்தில் அது சத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். கரி காரத்தன்மை உள்ளது, களர் நிலத்துக்கு ஆகாது. எல்லாவற்றையும்விடப் பெரிய தடை சித்தப்பா கேட்டதுதான்: "விக்கிற கரிய எவனாச்சும் பொதைப்பானாடா?"

என் தேர்வு கரிதான், ஆனால் தனியாக இல்லை. இந்த வருடம் குழியில் சுட்ட கரியை நொறுக்கி, தொழுவத்தில் மாட்டுக்குக் கீழே பரப்பிவிட்டேன். கோமியமும் சாணியும் அதிலேயே ஊறுகின்றன, தொழுவத்து நாற்றமும் குறைந்திருக்கிறது. புரட்டாசியில் அள்ளி இரண்டு ஏக்கருக்குப் போடுவேன். மூன்றாவது ஏக்கர் தக்கைப்பூண்டுக்கு. சித்தப்பா விற்றுக்கொள்ள ஆறு மூட்டை கரி தனியாக எடுத்து வைத்தாயிற்று.