புக்கிட் தீமா ரயில் பாலம்: கேமராவோடு போகிறவர்களுக்கு

சிங்கப்பூரின் புக்கிட் தீமா சாலைக்கு மேலே நிற்கும், இப்போது ரயில் ஓடாத கறுப்பு இரும்புப் பாலத்தின் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். எல்லோரும் பாலத்தின் நடுவில் நின்று நேராக எடுத்துவிட்டுப் போவதுதான் காரணம். இந்தப் பாலத்தின் உண்மையான அழகு பக்கவாட்டிலும், இரும்பைப் பிணைக்கும் ரிவெட்டு ஆணிகளிலும் இருக்கிறது. கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி (மெட்ரோ) நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான், கட்டணமும் கிடையாது. படம் எடுப்பவருக்கு இத்தனை வசதியான பழைய ரயில் பாதையின் மிச்சம் சிங்கப்பூரில் வேறு இல்லை என்றே சொல்லலாம்.

முதலில் வெளிச்சம். சூரியன் ஏறக்குறைய 7 மணிக்கு உதித்து விறுவிறுவென மேலே ஏறிவிடும். 9 மணிக்குப் பிறகு நிழல் சட்டங்களுக்கு அடியில் ஒடுங்கி, ரிவெட்டுகள் தட்டையாகத் தெரியும். காலையில் பாலத்துக்குக் கிழக்கே உள்ள நடைபாதையிலிருந்தும் மாலையில் மேற்கேயிருந்தும் எடுங்கள். கேமராவை அண்ணாந்து பிடித்தால் பாலம் பின்னால் சாய்ந்ததுபோல வரும். மட்டமாகப் பிடித்துப் படத்தின் கீழ்ப்பகுதியை வெட்டிவிடுவது நல்லது. கைப்பேசியாக இருந்தால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) கொஞ்சம் இறக்குங்கள். இல்லையென்றால் அது கறுப்பு இரும்பைச் சாம்பல் நிறமாக்கிவிடும்.

பாலத்துக்குள் நின்று எடுத்தே ஆகவேண்டுமென்றால் 85 மி.மீ.க்கு மேற்பட்ட லென்ஸ்தான் சரி. குறுக்குச் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி வரும். லென்ஸின் துளை அளவு எஃப்/8 போதும். சட்டங்களுக்கு இடையே வானம் வெளுத்துப் போனால், வெளிச்சத்தை 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) இடைவெளியில் மாற்றி மூன்று படம் எடுத்துச் சேர்க்கலாம். ஆனால் ஆள் நடமாட்டம் இருந்தால் ஒருவரே மூன்று நிழலுருவாக வருவார். சைக்கிள்காரர்களும் ஓடுபவர்களும் போகும் பாதை என்பதால் டிரைபாட் காலை விரித்து வைக்காதீர்கள்.

அடுத்து, 1932-இல் கட்டிய புக்கிட் தீமா ரயில் நிலையம். 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு தஞ்சோங் பகார் வரையிலான ரயில் ஓட்டம் நின்றுபோனது. பெரும்பாலான தண்டவாளங்களும் அகற்றப்பட்டன. இங்கே கொஞ்ச தூரம் விட்டுவைத்திருக்கிறார்கள். சீரமைப்பில் கட்டடம் சற்று அதிகமாகவே பளிச்சென்று ஆகிவிட்டது. தண்டவாளம் அப்படியில்லை. சக்கரம் உரசாததால் சக்கரம் ஓடும் அதன் மேற்புறமும் துருவேறிக் கிடக்கிறது. மழை விட்ட கையோடு போனால் அந்தத் துரு ஆழ்ந்த செம்பழுப்பாக இருக்கும். லென்ஸில் மாட்டும் போலரைஸர் வடிகட்டியைத் திருப்பி ஈரத்தின் மினுக்கத்தைக் குறைத்தால் நிறம் முழுதாகக் கிடைக்கும். கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையோடு ஒட்டி நிற்கும், 1,000 மி.மீ. அகலமுள்ள மீட்டர் கேஜ் பாதை நீண்டு தெரியும்.

ஏசி எம்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். பையைத் திறக்காமல் 20 நிமிடம் விட்டுவிடுங்கள். துணியால் துடைத்துப் பயனில்லை, மறுபடி படியும்.

கூட்டம் பிடிக்காதவர்கள் ஹில்வியூ எம்ஆர்டியில் இறங்கி, ரயில் மால் என்ற கடைவரிசை அருகே உள்ள இன்னொரு இரும்புப் பாலத்துக்குப் போகலாம். படத்தொடராக எடுப்பவர்கள் தெற்கே குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் இருக்கும் முனீஸ்வரன் ஆலயத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரயில்வேயில் வேலை பார்த்த நம்மவர்கள் தொடங்கிய கோயில் அது. உள்ளே எடுப்பதானால் அலுவலகத்தில் கேட்டுவிட்டு எடுங்கள்.