ரிவர்சைடா, ஒன்டாரியோவா? ராஞ்சோ நிலத்தில் தண்ணீர் யார் கையில்

தெற்குக் கலிஃபோர்னியாவின் ராஞ்சோக்கள், அதாவது மெக்சிகோ ஆட்சியில் மானியமாகக் கிடைத்த பெரிய மாட்டுப் பண்ணைகள், சதுர லீக் கணக்கில் அளக்கப்பட்டவை. ஒரு சதுர லீக் ஏறக்குறைய 4,400 ஏக்கர். அமெரிக்க ஆட்சி வந்த பின் 1851 நிலச் சட்டப்படி உரிமையை நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் வழக்காடியதிலும், 1862–64 வறட்சியில் மாடுகள் மடிந்ததிலும் உரிமையாளர்கள் கடனில் மூழ்கினார்கள். நிலம் கம்பெனிகளின் கைக்குப் போனது. அளந்து, துண்டு போட்டு, ரயிலில் வந்திறங்கிய கிழக்கத்திக்காரர்களுக்கு விற்பது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான வேலை. விற்று முடித்த பிறகு தண்ணீர் யாரிடம் இருந்தது என்பதில்தான் அவை பிரிகின்றன. 1880களில் ஆரஞ்சுத் தோட்டம் போட வந்தவருக்கு ரிவர்சைடு, ஒன்டாரியோ என்ற கலிஃபோர்னிய ஊர்களில் எது மேல் என்பதே இங்கே கேள்வி.

1887 நிலம் வாங்கும் மோகத்தில் முளைத்த ஊர்மனைகளை ஒரே மூச்சில் ஒதுக்கிவிடலாம். சான்டா ஃபே, சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனிகளின் கட்டணப் போட்டியில் அந்த மார்ச்சில் கான்சஸ் சிட்டியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு டிக்கெட் சிறிது நேரம் ஒரு டாலருக்கே வந்தது. கால்பங்கோ மூன்றிலொரு பங்கோ ரொக்கம், மிச்சம் ஆறு, பன்னிரண்டு மாதத் தவணை. விலை ஏறும் என்று வாங்கியவர்களே அதிகம். 1888ல் ஏற்றம் நின்றதும் பல ஊர்கள் வரைபடத்தோடு முடிந்தன.

ஆகவே உண்மையான போட்டி ரிவர்சைடுக்கும் ஒன்டாரியோவுக்கும்தான். இரண்டிலும் ஆரஞ்சு நன்றாக வரும். ரிவர்சைடு 1870ல் ஜான் நார்த் தொடங்கிய குடியேற்றம். நிலம் ஹுருப்பா ராஞ்சோவைச் சேர்ந்தது, தண்ணீர் சான்டா ஆனா ஆற்றுக் கால்வாயிலிருந்து. ஆனால் கால்வாய் நில கம்பெனியின் சொத்து. விவசாயி கட்டணம் கட்டும் வாடிக்கையாளர். மனைகள் விற்றுத் தீர்ந்ததும் கம்பெனியின் வரவு தண்ணீர்க் கட்டணத்தில்தான். கட்டணத் தகராறு முற்றி, 1883ல் ஊர் நகராட்சியானதற்கே அது ஒரு முக்கியக் காரணம். அதன் பிறகுதான் தண்ணீர் குடியேறியவர்களின் கம்பெனிக்கு வந்தது. திறந்த மண் கால்வாய்க்கு வேறு தொல்லைகளும் உண்டு: கசிவு, வண்டல், கரையைத் துளைக்கும் கோஃபர் எலிகள். கரை உடைந்தால் முதலில் காய்வது கடைமடை.

ஒன்டாரியோவில் சாஃபி சகோதரர்கள் 1882லேயே இதை வேறு விதமாகச் செய்தார்கள். குக்கமோங்கா ராஞ்சோ பக்கத்து நிலத்தைத் தண்ணீர் உரிமையோடு வாங்கி, அந்த உரிமையை சான் அன்டோனியோ வாட்டர் கம்பெனி என்ற தனிக் கம்பெனிக்கு மாற்றினார்கள். பத்து ஏக்கர் வாங்கினால் ஏக்கருக்கு ஒன்றாகப் பத்துப் பங்கு. ஆண்டுக்கு ஆண்டு பங்குதாரர் கட்டுவது பராமரிப்புச் செலவு மட்டும். லாபம் எடுக்க நடுவில் ஆள் இல்லை. பள்ளத்தாக்கின் அடியில் சுரங்கம் வெட்டி நிலத்தடி ஓட்டத்தையும் பிடித்தார்கள். குழாய் ஒவ்வொரு பத்து ஏக்கரின் மிக உயர்ந்த இடம் வரை வரும். அங்கிருந்து சால் பிடித்தால் தண்ணீர் தானே இறங்கும். யாருடைய தோட்டமும் கடைமடை ஆகாது. எனக்கு ஒன்டாரியோதான் மேல்.

காரணம் நிலத்துக்கான தவணையோடு சேர்ந்தது. 20 அடிக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு 108 கன்றுகள். ஆரஞ்சு வருமானம் தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை தவணைக்கும் செலவுக்கும் கையிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் தண்ணீர்க் கட்டணத்தை இன்னொருவர் ஏற்றினாலோ முறை தவறினாலோ கன்று பட்டுப்போகும், போட்ட முதலும் போகும். நிலத்தை விற்கும்போதும் இதே கதை: பங்கோடு வரும் தோட்டத்துக்கும், தண்ணீரை வேறொருவர் தயவில் பெறும் தோட்டத்துக்கும் ஒரே விலையை எவரும் தரமாட்டார்.

குறை இல்லாமல் இல்லை. பங்கு என்பது இருக்கிற தண்ணீரில் பங்கு. மழை பொய்த்த ஆண்டில் எல்லோருக்கும் சேர்ந்து குறையும். மது விற்கக் கூடாதென்ற நிபந்தனையும் பத்திரத்திலேயே இருந்தது. எந்தக் கம்பெனியானாலும் ராஞ்சோவுக்கு அமெரிக்க அரசின் பேட்டன்ட், அதாவது உரிமையை உறுதி செய்யும் பத்திரம், வந்துவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டியிருந்தது. பழைய கைவரைபடத்தில் எல்லையாக ஒரு மரமோ ஓடையோதான் இருக்கும். வில்லங்கம் அங்கிருந்துதான் கிளம்பும்.