பிட்சரை எதை வைத்து எடைபோடுவது: வெற்றிக் கணக்கா, ஈ.ஆர்.ஏ.வா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் அமெரிக்க பேஸ்பால் பார்க்கிறவர்களும் உண்டு. நியூயார்க்கில் கோடை இரவு 7 மணி ஆட்டம் என்றால் இங்கே விடிகாலை 4.30, ரப்பர் பால் வெட்டப் போகிற நேரம். அவர்களுக்காக இது: பந்து வீசுகிற பிட்சரை அளக்கும் இரண்டு கணக்குகளின் ஒப்பீடு.

புரிவது எளிதா?
வெற்றி: ஒரு சீசனில் பிட்சர் பெயரில் எழுதப்படும் வெற்றிகள். 20 என்றால் யாருக்கும் புரியும்.
ஈ.ஆர்.ஏ. (earned run average): 9 இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்பது. ஃபீல்டர் பிழையால் வந்த ரன் சேராது. குறைந்தால் நல்லது.

அதிர்ஷ்டம் எவ்வளவு?
வெற்றி: ரொம்பவே. தொடக்க பிட்சர் 5 இன்னிங்ஸாவது வீசி, அணி முன்னிலையில் இருக்கும்போது வெளியேற வேண்டும். பின்னால் வருபவர் அந்த முன்னிலையைக் கோட்டைவிட்டால் இவருக்கு வெற்றி போச்சு. 2018-இல் மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிகிராம் 217 இன்னிங்ஸ் வீசினார், ஈ.ஆர்.ஏ. வெறும் 1.70. கிடைத்ததோ 10 வெற்றி, 9 தோல்வி! அவர் வீசும் நாளில் அணி ரன் அடிக்கவில்லை என்றால் அவர் என்ன செய்வார்? நல்லவேளை, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை அவருக்கே கொடுத்தார்கள். 1990-இல் அப்படி நடக்கவில்லை. பிட்சர் ரோஜர் கிளெமன்ஸ்: ஈ.ஆர்.ஏ. 1.93, 21 வெற்றி. பாப் வெல்ச்: ஈ.ஆர்.ஏ. 2.95, 27 வெற்றி. விருது வெல்ச்சுக்குப் போனது. எனக்கு அது இன்னும் அநியாயமாகவே படுகிறது.
ஈ.ஆர்.ஏ.: கொஞ்சம் உண்டு. மைதானமும் ஃபீல்டர்களின் வேகமும் கணக்கை மாற்றும்.

அணி ஜெயித்ததைக் கொண்டாட வெற்றிக் கணக்கு போதும். ஃபேன்டசி அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் ஈ.ஆர்.ஏ.வைப் பாருங்கள், கூடவே ஸ்ட்ரைக்அவுட்டையும் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது).