கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கான வாட்ஸ்அப் குழு: ஓராண்டு அனுபவம்

பாம்பன் அருகே சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் எங்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் நான் ஓராண்டாக இருக்கிறேன். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, தீவோரம் பாசி எடுப்பதே வனத்துறையுடன் தகராறாகிவிட்ட நிலையில், எந்த நாளில் இறங்குவது, வியாபாரி கிலோவுக்கு என்ன விலை சொல்கிறார் என்பதைப் பல ஊர்ப் பெண்களும் ஒரே நேரத்தில் அறிவது பெரிய பலம், தயங்காமல் சேரலாம். வாசிக்கத் தெரியாத அக்காமார்களுக்காக எல்லாம் குரல் பதிவாகவே வருகிறது. கை கிழிபடாமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றியபடி, படகேறுமுன் காதருகே வைத்துக் கேட்கிறார்கள். ஆனால் எங்கள் சார்பில் கொடுக்கும் மனுவில் என்ன கேட்பது என்பதை நிறுவனத்தாரே முடிவுசெய்துவிட்டுப் பிறகுதான் குழுவில் சொல்கிறார்கள். கடந்த முறை நாங்கள் ஏனென்று கேட்டதற்கு நான்கு நாள்களாகியும் பதில் வரவில்லை.